பக்கத்து வீட்டுச் சாட்சி

நாகமணி உபதேசியார் என்னை வெள்ளவத்தைக் கடற்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், தண்ணீரில் இறங்க விடாமல், கரையில் துவாய் பிடிக்க வைத்தார். ஒன்பது வருசம் ஆகிறது. அவர் செத்தும் நாலு வருசம் ஆகிறது. நான் இன்னும் அதை மறக்கவில்லை.

அவரைப் பற்றி எழுதித் தரும்படி சபையார் கேட்டார்கள். நல்லபடியாக எழுதத் தெரிந்தவர்கள் சபையில் இருக்கிறார்கள். நான் நாலாம் வகுப்போடு கொழும்புத் துறைமுகத்துக்குப் போய், கப்பலில் மூட்டை தூக்குகிற வின்ச் இழுத்துப் பழகினவன். ஆனால் கடைசியாக அவரோடு கதைத்த ஆள் நான்தான். அதனால் எழுதுகிறேன். துவாய்க் கதையை விட்டுவிட்டு எழுதச் சொன்னால் எழுதமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

அது மாசி மாதம், கடல் அடங்கியிருக்கிற காலம். ஞாயிறு காலை பத்துப் பதினொரு பேர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக ரயில் தண்டவாளத்தைத் தாண்டி மணலில் போய் நின்றோம். என் மனைவி பேச்சியம்மா என் பக்கத்தில் நின்றாள். எங்கள் மிஷனுக்கு மேலாளாக இருந்த வெள்ளைக்காரத் துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரைக்கு முழங்காலில் வாதம். தண்ணீரில் இறங்கி ஞானஸ்நான முழுக்குக் கொடுப்பது உபதேசியார்தான். அவரை மட்டும் காணவில்லை.

வெயில் ஏறின பிறகு காலி வீதிப் பக்கமிருந்து மூச்சு வாங்க நடந்து வந்தார். கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, இந்த முறை நீர் இறங்க வேண்டாம்.”

“என்னய்யா சொல்றீங்க?”

“ராத்தா நேற்று இரவுதான் பேருவளையாலை வந்தவவாம். காலமை போய்க் கேட்டனான். மாறேல்லை எண்டு சொல்லிப்போட்டா.”

“நான் குடிய விட்டு ஒரு வருசமாச்சுய்யா.”

“அதையும் சொன்னவ. குடியை விட்டது மெய்யாம். ஆனால் பைப்படியிலை இன்னும் தன்ரை குடத்தைக் காலாலை தள்ளிப்போட்டு உம்மடை வாளியை வைக்கிறீராம்.”

“அந்தக் குடம் வழியில இருந்துச்சு.”

“நீர் அப்பிடித்தான் சொல்லுவீர் எண்டும் சொன்னவ.”

பக்கத்தில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்தான். பேச்சியம்மா, “அப்ப நானும் எறங்கல” என்றாள். உபதேசியார் அவளை மறிக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான்தான் போ என்றேன். அவர் தம் கக்கத்தில் இருந்த துவாய்க் கட்டை என் கையில் வைத்தார்.

“இதைப் பிடியும். வெளியாலை வாறாக்களுக்கு ஒவ்வொண்டாக் குடும்.”

கொடுத்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள், நடுங்கிக்கொண்டு வாங்கினார்கள். பேச்சியம்மாவும் வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு, “கோவமா?” என்றாள். இல்லை என்றேன். அந்த நேரம் ரயில் ஒன்று போனது. ஜன்னல் முழுக்கத் தலை. எல்லாத் தலையும் துவாய் பிடித்துக்கொண்டு நின்ற என்னைத்தான் பார்த்தது போல இருந்தது.

அந்தக் குடம் வழியில்தான் இருந்தது. இன்றைக்கும் சொல்லுவேன்.

ராத்தா என்றது உம்மு குல்தூம் ராத்தா, அக்கா என்று சொல்லுகிற மாதிரி. கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் மனுசி. புருசன் இல்லை. காலையில் இடியப்பம் அவித்து விற்பாள். நாங்கள் இருந்த இடத்தைத் தோட்டம் என்று சொல்லுவார்கள். அங்கே மரமும் இல்லை, செடியும் இல்லை. ஒரே நீளக் கூரைக்குக் கீழே சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள், எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான்.

அவளிடம் ஏன் கேட்டார் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. ஞானஸ்நானம் கேட்கிற ஆள் ஒரு வருசம் ஆயத்த வகுப்பில் இருக்க வேண்டும் என்பது எல்லாச் சபையிலும் உண்டு. எங்கள் சபையில் அதற்கு மேல் ஒன்று இருந்தது. வகுப்பு முடிந்ததும் உபதேசியார் அந்த ஆளுடைய பக்கத்து வீட்டுக்குப் போவார். அந்த வீட்டார் நம் சபையாராக இருக்கக் கூடாது. வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பார். “இந்த ஒரு வருசத்திலை அந்த ஆளிட்டை ஏதும் மாறினதோ?” ஓம் என்றால் தண்ணீர். இல்லை என்றால் இன்னொரு வருசம். அதற்கு மேல் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

துரைக்கு இது பிடிக்காது. சீமைக்கு எழுத ஆள்தொகை வேண்டும் அவருக்கு. ஒரு நாள் சபை கூடுகிற மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால், தமக்குத் தெரிந்த தமிழில், “நாகமணி, சபையை நடத்துவது நீரா, பக்கத்து வீடா?” என்று கேட்டார். உபதேசியார், “பக்கத்து வீட்டிலைதானே துரை ஆக்கள் இருக்கினம்” என்றார். அவரைக் கடைசி வரைக்கும் போதகர் ஆக்கவில்லை. உபதேசியாராகவே வைத்திருந்தார்கள்.

அந்த வழக்கம் வந்த கதையை அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்து ஆள். கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனியில் கிளாக்கராக இருந்து, பெண்சாதி செத்த பிறகு வேலையை விட்டு மிஷனுக்கு வந்தவர். ஒரே மகன் மலாயாவில் உத்தியோகம். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. பக்கத்து வீட்டில் கொன்ஸ்ரன்ஸ் என்று ஒரு கத்தோலிக்கப் பெண், ரயில்வேக்காரர் ஒருவருடைய மனைவி. புதிதாக உபதேசியாரான காலத்தில் இவர் அதே ஒழுங்கையில் இருந்த ஒரு தையற்காரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து முழுக்கும் கொடுத்தார். தையற்காரன் வசனமெல்லாம் தண்ணியாக ஒப்புவிப்பானாம். அடுத்த கிழமையே பெற்ற தாயை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டான். கிழவி ஒழுங்கையில் நின்று கத்தினாள். கொன்ஸ்ரன்ஸ் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்டர், உங்கட ஆக்கள் நனையிறது மட்டும்தானோ?” என்று கேட்டாளாம்.

இந்தக் கதையை அவர் முடிப்பது இப்படித்தான். “அண்டு முழுக்க யோசிச்சன். அயலுக்குத் தெரியாமல் ஒரு மனுசன் மாற ஏலுமோ?”

நான் அவரிடம் போனது ஒரு ஆணியால். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் தோட்டத்துக்கு வருவார். ஒரு கையில் சின்ன ஆர்மோனியம், மற்றக் கக்கத்தில் சுருட்டின பெரிய படங்கள். இயேசு படகில் இருக்கிறது, குருடன் பார்வையடைகிறது, அப்படிப் படங்கள். வருகிற வழியில் தேத்தண்ணிக் கடையில் இருக்கிற கத்தோலிக்கப் பொடியன்கள், “மாஸ்டர், இண்டைக்கு வலையில எத்தினை மீன்?” என்று கத்துவான்கள். “நீங்கள் விட்டால்தானே தம்பிமார்” என்று சொல்லிக்கொண்டே நடப்பார். படத்தைத் தொங்கவிட ஒரு சுவர் வேண்டும். முதல் நாள் ராத்தாவிடம்தான் கேட்டார்.

ராத்தா, “ஆள் உருவம் கீறின படம் என்ட செவருல தொங்கப் போட ஏலா, ஐயா. பக்கத்து ஊட்டுச் செவரு சும்மாதானே ஈக்கி. வின்ச்சுக்கிட்ட கேளுங்க. குடிச்சிட்டுப் படுத்தீக்கிறார், ஒண்டும் செல்லமாட்டார்” என்றாள்.

தோட்டத்தில் என்னை வின்ச் என்றே கூப்பிடுவார்கள். நான் படுத்திருந்த சுவரில் ஆணி அடித்தார்கள். எழும்பி வெளியே வந்து ஏசினேன். அவர் ஆணியைப் பிடுங்காமல், “நல்ல சுவர், தம்பி” என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதே ஆணியில் படம். பேச்சியம்மா வாசலில் இருந்து பார்த்தாள். நானும் உள்ளே இருந்து கேட்டேன். வேறு வழி இல்லை, என் வீட்டுச் சுவர்.

பிறகு வகுப்பில் சேர்ந்தோம். வகுப்பு என்றால் புத்தகம் மட்டும் இல்லை. இரண்டு இரண்டு பேராக அனுப்புவார். யாரும் கூப்பிடாத ஒரு வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அவர்கள் கேட்காமல் ஆண்டவரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. தண்ணீர் அள்ளவோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கவோ ஏதாவது இருந்தால் செய்துவிட்டு வர வேண்டும். நான் போன முதல் வீட்டில் என்னைக் கண்டவுடன் கதவைச் சாத்தினார்கள். வந்து சொன்னேன். “நல்லது, அந்த வீட்டுக்கே அடுத்த கிழமையும் போம்” என்றார். நாலாம் முறை அந்த வீட்டுக்காரி ஒரு தேங்காயைத் தந்து, உரித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

வாய்விட்டு ஜெபிக்கவும் பழக்கினார். எனக்கு அது வரவில்லை. கப்பலின் அடித்தட்டில் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி கத்திப் பழகின தொண்டை. நான் ஜெபித்தால் தோட்டமே எட்டிப் பார்க்கும். “தம்பி, மெல்ல. ஆண்டவர் கப்பலுக்குக் கீழை நிக்கேல்லை” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பேச்சியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவளுடைய பேரை மாற்ற வேண்டும் என்று துரை சொன்னார். பேச்சி என்பது அம்மன் பேர் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உபதேசியார், “என்ரை பேரிலை பாம்பு இருக்குது துரை. ஆண்டவர் இன்னும் என்னைத் துரத்தேல்லை” என்றார். பேச்சியம்மா பேச்சியம்மாவாகவே இறங்கினாள். அவளுக்கு ராத்தா சொன்ன சாட்சியும் எனக்குத் தெரியும். “முந்தி உப்புக் கேட்டா இல்லண்டு செல்லுவா. இப்ப கேக்க முன்னுக்குத் தாறா.” அவளுக்கு உப்பு. எனக்குக் குடம்.

அடுத்த வருசம் எனக்காக ராத்தாவிடம் போக வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஆனால் வகுப்புக்குப் போனேன். போகாமல் விட்டால் அந்தக் குடம் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

அதற்கடுத்த வருசம் பேச்சியம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மயானத்தில் எங்கள் சபைக்கென்று பிரித்துக் கொடுத்த துண்டில், மதில் ஓரமாக அடக்கம் செய்தோம். உபதேசியார் ஜெபித்தார். நான் மண் போட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். கப்பலில் அரிசி மூட்டை. வின்ச் வழக்கம் போலத்தான் ஓடியது.

கொஞ்ச நாளைக்குப் பிறகு அவரிடம் போய்க் கேட்டேன்.

“அய்யா, அவ பக்கத்துல ஒரு ஆள் கெடக்க எடம் இருக்கு. அது எனக்கு வேணும்.”

“அந்தத் துண்டு சபையாருக்கு மட்டும் எண்டு உமக்குத் தெரியுந்தானே.”

“அப்ப முழுக்குக் குடுங்க.”

“இடத்துக்காகத் தண்ணியிலை இறங்கக் கூடாது, தம்பி.”

“பின்ன எதுக்காக எறங்கணும்? மத்தவங்கெல்லாம் எதுக்கு எறங்குனாங்க? அதையும் போய்க் கேட்டீங்களா?”

அவர் எழும்பினார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, “வாரும், ராத்தாவிட்டைப் போவம்” என்றார்.

அந்த முறை நானும் கூட நின்று கேட்டேன். ராத்தா இடியப்பத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“மாறினாரா எண்டா, எனக்கு என்னத்தச் செல்ற? இப்ப சத்தம் இல்ல. பைப்படியில கடைசியாத்தான் நிக்கிறார். என்ட கொடத்தத் தொடுறதே இல்ல. ஆனா ஐயா, மாறின மனுசனும் இப்பிடித்தான் ஈப்பான், மவுத்தான மனுசனும் இப்பிடித்தான் ஈப்பான். இவர் எது எண்டு எனக்கு வெளங்குதில்ல. பொய்ச் சாட்சி செல்ல ஏலா. அல்லாஹ் கேப்பான்.”

மவுத்து என்றால் அவர்கள் பேச்சில் சாவு. “இந்தச் சாட்சி காணாது” என்றார் உபதேசியார். அவளிடம் இல்லை, என்னிடம்.

கோபப்பட வேண்டிய இடம். எனக்குக் கோபம் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வந்து படத்தைத் தொங்கவிட்டார். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என்ன படம் என்று பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சபையில் வேறு சாவு வந்தபோது நானும் மயானத்துக்குப் போனேன். குழி வெட்டுகிறவன் வரிசைப்படி பேச்சியம்மாவுக்கு அடுத்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டான். உபதேசியார் அவனைக் கூப்பிட்டு, “மல்லி, எஹா பெத்தெ” என்று சிங்களத்தில் மற்றப் பக்கத்தைக் காட்டினார். அடுத்த சாவுக்கும் அப்படித்தான் காட்டினார். அந்த இடம் அப்படியே கிடந்தது.

நாற்பத்திரண்டாம் வருசம் உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு தோட்டம் வெறிச்சோடிப் போனது. ஊர் உள்ளவன் ஊருக்குப் போனான், இந்தியாவுக்குப் போகக் கூடியவன் அங்கே போனான். ராத்தா பேருவளைக்குப் போனாள். எனக்குப் போக ஊரும் இல்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. துறைமுகத்தில் ஆள் குறைவு, வேலை இருந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் முள்ளுக்கம்பி போட்டார்கள். மலாயாவும் ஜப்பான்காரன் கையில். உபதேசியாருக்கு மகனிடமிருந்து செய்தி வருவது நின்றுபோனது. சனிக்கிழமை வருவார். படம் பார்க்க ஆள் இல்லை. ஆணியில் படத்தைத் தொங்கவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அதற்குக் கீழே இருப்போம். ஒரு தேத்தண்ணி குடிப்போம். அவர் போய்விடுவார்.

நம்முடைய பீரங்கிகள் விமானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டுகளின் துண்டுகள் விழுந்து ராத்தாவின் கூரையில் நிறைய ஓடு உடைந்திருந்தது. மழைக்கு முன் ஏறி மாற்றினேன். ஆள் போன வீடுகளில் இருந்து நல்ல ஓடுகளைக் கழற்றி வந்து போட்டேன். ஏதோ புண்ணியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது பொதுச் சுவர். அவள் பக்கம் நனைந்தால் என் பக்கமும் ஊறும்.

வருசக் கடைசியில் ராத்தா திரும்பி வந்தாள். வீட்டுக்குள் போனாள். மேலே பார்த்தாள். வெளியே வந்து, “தம்பி, என்ட கூரைல ஏறினது ஆரு?” என்றாள்.

“நான்தான்.”

“எனத்துக்கு?”

“பொதுச் சுவர்.”

“பொதுச் செவரா? அப்ப அடுப்படிக்கு மேலயும் ஓடு மாத்தியீக்கி. அங்க ஏது பொதுச் செவரு?”

அடுப்படிக்கு மேலே ஏன் மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. மேலே நின்றேன், உடைந்திருந்தது, மாற்றினேன்.

மறுநாள் விடிய அவள் ஓலைப்பெட்டியில் இடியப்பம் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. உபதேசியார் அப்போது நெஞ்சு வருத்தத்தில் படுக்கையாகக் கிடந்தார். இவள் வாசலில் நின்று, “ஐயா, அந்த மனுசன் மவுத்தாகல்ல. இது என்ட சாட்சி” என்று சொல்லிவிட்டு இடியப்பத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இனி நடந்ததை வரிசை மாற்றி எழுதுகிறேன். கடைசியில் எழுத வேண்டியது வேறு இருக்கிறது.

அன்று பின்னேரமே அவர் செத்தார். மயானத்தில் மற்றப் பக்கத்தில் வைத்தோம். குழி வெட்டுகிறவனுக்கு நான்தான் பக்கம் காட்டினேன். மாசி பிறந்ததும் புதிதாக வந்த போதகர் எனக்கு முழுக்குக் கொடுத்தார். கடலில் இல்லை, கடலில் கம்பி. மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சீமெந்துத் தொட்டியில். இடுப்பளவு தண்ணீர், குந்தி முழுக வேண்டியிருந்தது. ராத்தா வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே வாருங்கள் என்று போதகர் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றாள். நான் தண்ணீர் சொட்ட வேலிப் பக்கம் போனபோது துவாயை எடுத்து நீட்டினாள். பேச்சியம்மாவுக்குப் பக்கத்து இடம் எனக்கு எழுதியாகிவிட்டது. எனக்குச் சந்தோசமா என்று போதகர் கேட்டார். தண்ணீர் குளிராக இருந்தது என்றேன்.

இனி அந்தப் பின்னேரம். ராத்தா போய் வந்த அன்றே வேலை முடிந்து நான் வெள்ளவத்தைக்குப் போனேன். உபதேசியார் கட்டிலில் இரண்டு தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தார். இடியப்பம் மேசையில் அப்படியே இருந்தது. முகம் வீங்கியிருந்தது. கதைக்கும்போது இடையில் நிறுத்தி மூச்சு எடுத்தார்.

“இரும், தம்பி. ராத்தா வந்தவ.”

“தெரியும்யா.”

“அடுப்படிக்கு மேலை ஓடு மாத்தினனீராம்.”

“ஒடைஞ்சு இருந்துச்சு.”

“ஓம், ஓம். அப்பிடித்தான் சொல்லுவீர் எண்டும் சொன்னவ.” சிரித்தார் போல இருந்தது. இருமலாகப் போய்விட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

“மாசியிலை இறங்கலாம்” என்றார். “நான் இல்லாட்டி வேறை ஆரெண்டாலும் இறக்குவினம்.”

“இல்லய்யா. கரையில நிறுத்துனது நீங்க. நீங்கதான் எறக்கணும்.”

“கோவம் இன்னும் போகேல்லையோ?”

“போகல.”

“நல்லது” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். ரயில் ஒன்று போனது. மேசையில் இருந்த கிளாஸ் நடுங்கி நின்றது. மதிலுக்கு அங்காலே கொன்ஸ்ரன்ஸ் நாயை ஏசுகிற சத்தம் கேட்டது.

கொன்ஸ்ரன்ஸ் என்னிடம் சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அவர் அனுப்பி நான் போய்க் கேட்டபோது கையில் நாய்ச் சட்டியோடு நின்றாள். “மிஸ்டர் நாகமணியா? முந்தியெண்டா வருவார், சொல்லுவார், போவார். இப்ப வந்தா என்ட மகன்ட இருமல் எப்படியெண்டு கேக்கிறார். நான் சொல்லி முடியுமட்டும் நிக்கிறார். இந்த நாய்க்கும் பாண் துண்டு போடுறார், அதுதான் இது எங்கட சோறு தின்னுறேல்ல. ஓம் தம்பி, மாறினவர்தான். போய்ச் சொல்லுங்க” என்றாள். நான் ஒரு சொல்லும் விடாமல் மனதில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அறைக்குள் வந்தபோது அதைக் கேட்க ஆள் இல்லை. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஆனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். மெல்லத்தான் சொன்னேன்.

அதற்கு முன்னால், கண்ணைத் திறந்து அவர் என்னிடம் சொன்னது இது.

“தம்பி, நான் முழுகேக்கை இந்த வழக்கம் இல்லை. துரை கேட்டார், பாடம் ஒப்புவிச்சன், இறக்கிவிட்டார். பிறகு எத்தினை வாசலிலை போய் மற்றாக்களைப் பற்றிக் கேட்டனான். என்னைப் பற்றி ஒருத்தரும் ஒரு வாசலிலையும் கேக்கேல்லை. நீர் எழும்பி மதிலுக்கு அங்காலை போம். கொன்ஸ்ரன்ஸிட்டைக் கேளும், நாகமணியிட்டை ஏதும் மாறினதோ எண்டு. அவ இல்லையெண்டு சொன்னாலும் இல்லையெண்டே வந்து சொல்லும்.”